அறுபத்தோரு மெகாபிக்சல்

"இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க சார். தூண் பக்கத்துல ஏதோ வண்டி தெரியுதே."

"தெரியும் சார், பொறுங்க. இது அறுபத்தோரு மெகாபிக்சல். எறும்பு எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்குதுன்னுகூடச் சொல்லிடலாம்."

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய புதுக் காரின் கதவில் யாரோ நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதே காலையில்தான் மெகா, மூன்றாம் மாடி பால்கனியில் நின்று, புதுக் கேமராவால் கீழே நிற்கும் வண்டிகளையெல்லாம் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தான். மெகா என்பது குடியிருப்பு வைத்த பெயர். லிஃப்டில் அகப்பட்டவர்களிடமெல்லாம் மெகாபிக்சல் கணக்குச் சொன்னதற்குக் கிடைத்த பட்டம்.

"ஆள் யாருன்னு மட்டும் தெரியட்டும். பேரை அறிவிப்புப் பலகையில ஒட்டறேன். வண்டி இனிமே தெருவுலதான்," என்றார் செயலாளர்.

மெகா பெரிதாக்கினான். தூணின் நிழலிலிருந்து ஒரு ஸ்கூட்டர், தூக்கம் கலைந்த பிராணியைப் போல மெல்ல வெளியே வந்தது. அதன் கைப்பிடி கார்க் கதவில் உரசிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சுற்று பெரிதாக்கினான். சீட்டுக் கிழிசலில் ஒட்டிய நீல டேப்.

மனைவியின் ஸ்கூட்டரில் அதை ஒட்டியவன் அவன்தான்.

சமையலறை வாசலில் அவன் மனைவி துண்டில் கை துடைத்தபடி நின்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாவம், உரசியதே அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது.

சட்டென்று படத்தைச் சுருக்கினான்.

"ஏன் சார், நம்பர் வர்ற நேரத்துல?"

"இதுக்கு மேல போனா மங்கிடும்."

"பஸ் சைஸுக்கு பிரின்ட் போடலாம்னு லிஃப்ட்ல சொன்னீங்களே."

"பஸ்ஸை யாரு சார் மூக்கை ஒட்டி வெச்சுப் பார்க்கறாங்க? நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எட்டு, பத்தே தாராளம். மிச்சமெல்லாம் கடைக்காரன் வித்தை."

சொல்லும்போதே நாக்கு கூசியது.

"அப்ப அந்த மெமரி கார்டைக் கொடுங்க. எங்க மாப்பிள்ளை இந்த வேலையில கில்லாடி."

"அது வந்து... கேமராவே கோளாறு சார். படம் பாதிதான் பதியுது."

"கோளாறா?" மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப நாளைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. கெடு நாளையோட முடியுது."

வாங்கிய அன்று ஒன்றும் சொல்லாதவள், ஞாயிறு மத்தியானத்திலிருந்து இதே பல்லவிதான். 'என் போன்லயே பன்னெண்டு இருக்கு, அது பத்தாதா?' அவனும் பிடி கொடுக்காமல் இருந்தான். இப்போது சொந்த வாயாலேயே குழி தோண்டியாகிவிட்டது. கோளாறு இல்லையென்றால் படத்தைக் காட்டவேண்டும். காட்டினால் அறிவிப்புப் பலகை.

"சரி, கொடுத்துடறேன்," என்றான்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை ஒரு தடவை பார்க்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் கூட்டிட்டு வரேன்," என்றார் செயலாளர். வாசல் வரை போனவர், நின்று ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக மெகா நுழைந்தான். மெமரி கார்டு சட்டைப்பையில், நெஞ்சோடு ஒட்டி இருந்தது. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. பயணிகளையெல்லாம் படகில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் கப்பலோடு மூழ்கும் தலைவனைப் போல, கேமராவை கவுண்டரில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான்.

விற்பனையாளர் சிரித்தார்.

"வருவீங்கன்னு தெரியும் சார். மூணாம் மாடியிலேர்ந்து எடுத்தா கீழ நிக்கற ஸ்கூட்டர் நம்பர் தெரியுமான்னு உங்க வீட்டு அக்கா ஞாயித்துக்கிழமையே போன் பண்ணிக் கேட்டாங்க. அதுக்கு எட்டு மெகாபிக்சலே போதும்னேன். உடனே, திருப்பிக் கொடுக்க என்னிக்கு வரைக்கும் டைம்னாங்க." அவர் கையை நீட்டினார். "நீங்க வந்தா மெமரி கார்டையும் விடாம வாங்கி வைக்கச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் கொடுத்துடறீங்களா சார்?"