ரயில் கேட்டில் நின்றுபோன என் வேலை

உலகத்திலேயே திருத்த முடியாத ஜந்து, தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்கிறவன். இருபத்து மூன்று வயதில் அந்த ஜந்து நான்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. கார்ப் பந்தயத்துக்கு ஒரு பாதை செய்து கொண்டுவர வேண்டும்; தன் நேரத்தைக் குறைக்கும் ஆசையில் ஆடுகிறவர் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. நான் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை ரோட்டை அப்படியே இறக்கிவைத்தேன். குழி, மீன் வண்டி எல்லாம் அச்சு அசல். போதாததற்கு, எப்போது அடைக்கும் என்று கடவுளுக்கே தெரியாத எங்கள் ரயில் கேட். (கலையாம், கலை!)

தங்கை ஜெபா இரண்டு முறை ஓட்டினாள். இரண்டாம் முறை கேட் அடைத்தது. எழுந்துவிட்டாள்.

"நான் தப்பு செய்து தோத்தா மறுபடி ஓட்டுவேன் அண்ணே. கேட்டு அடைச்சா நான் என்ன செய்ய?"

"இது ரியலிசமாக்கும். ஒனக்கு மண்டையில ஏறாது."

கோபத்தில் அவளும் என் லேப்டாப்பில் ஒரு பாதை செய்தாள். சர்ச் காம்பவுண்டைச் சுற்றி நாலே வளைவு. கிணற்றை ஒட்டித் திரும்பினால் அரை நொடி மிச்சம். ஆசை மிஞ்சினால் கிணற்றில் முட்டும். இதுவரை ஓட்டியதில் சிறந்த ஓட்டம் ஒரு நிழல் காராக முன்னால் ஓடி வெறுப்பேற்றும். "சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் குடு" என்று சிரித்தேன்.

தேர்வு நடத்திய மலையாளி மேடம் என் லேப்டாப்பில் என் பாதையை ஓட்டினார். கேட் அடைத்தது. இருவரும் திரையைப் பார்த்துக் காத்திருந்தோம்.

"டிரெயின் வருமோ?" என்றார்.

ரயிலை நான் செய்யவே இல்லை.

அவர் பக்கத்தில் கிடந்த ஜெபாவின் ஃபைலைத் திறந்தார். கிணற்றில் முட்டினார். "அய்யோ, என்டெ தெற்று!" என்று தன் தவறுக்குத் தானே தலையில் தட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினார். பதினொரு முறை. டீ ஆறிப்போனது.

"இது ஆரு செய்தது?"

'நான்' என்று சொல்ல வாயெடுத்தேன், வெட்கங்கெட்டவன். அதற்குள் அவர் திரையில் சர்ச் காம்பவுண்டுச் சுவரில் ஜெபா மலையாளத்தில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டார்: 'என் சேட்டன் மண்டன்.' அண்ணன் மடையனாம்.

"ஆரா ஈ சேட்டன்?"

கையைத் தூக்கினேன். வேலை ஜெபாவுக்குக் கிடைத்தது.

போன கிறிஸ்துமஸுக்கும் அந்தச் சர்ச் பாதையில் அவள் நேரத்தை முந்தப் பார்த்தேன். அவளுடைய நிழல் கார் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் கிணற்றில் முட்டினேன்.

அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள், "என்ன மக்கா, கேட்டு அடைச்சிட்டா?"

"இல்லம்மா, நான்தான் முட்டினேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.