எனக்கு மட்டும் நீக்கு

ஒரு குப்பத்தையே இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் செய்தவள் நான். அடிதடி இல்லை, வாய்ச்சண்டை இல்லை. நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பிளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் குடித்துக்கொண்டே கட்டைவிரலால் செய்த காரியம் அது. இத்தனைக்கும் அன்று காலை, என்னைவிடத் தேர்ந்த நூலகர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்ற எண்ணத்தில் இருந்தேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு தாண்டி ஒரு மீனவர் குப்பம். பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஊரைப் பற்றி நான் ஏற்கெனவே வெளியிட்ட தகவல் போதும். திருப்பாலைவனத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் போய்த் திறப்பேன். ஒற்றை அறை, நான்கு பீரோ, ஒரு நீள மேசை. பதினாறு வருடம் என்னிடம் இருந்த கருவிகள் இரண்டு: ஒரு பதிவேடு, என் தலை. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது பதிவேட்டில் இருக்கும். ஏன் எடுத்தார், யாருக்குத் தெரியாமல் எடுத்தார் என்பது தலையில் இருக்கும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பதினோரு பேரில் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். (மவுசை எந்தக் கையால் பிடிப்பது என்று கேட்பதற்கு.) சொல்லிக்கொடுத்த தம்பி மரியாதையானவர். அவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் எனக்குச் சுருக்கென்றது.

"மேடம், தலையில வெச்சிருக்கறது தகவல் இல்ல. நீங்க ரிட்டையர் ஆனா அது உங்களோடவே போயிடும். எல்லாத்தையும் சிஸ்டத்துல ஏத்திடுங்க."

ஏற்றினேன். நான்கு மாதம், இரண்டே விரலால், ஒவ்வொரு உறுப்பினராக ஏற்றினேன். ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் அகலமாக ஒரு கட்டம் இருந்தது. அதன் பெயர் 'குறிப்பு'. 'அட்டை தொலைந்தது', 'முகவரி மாறியது' என்று எழுதுவதற்காக வைத்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நானோ பதினாறு வருடத் தலையை அதற்குள் கொட்டினேன்.

மீன் வியாபாரம் செய்யும் மல்லிகாவுக்கு நேராக எழுதியது: 'காதல் கதை மட்டும். கடைசிப் பக்கத்தை நான் பார்த்து, யாரும் சாகவில்லை என்று சொன்னால்தான் எடுப்பார்.'

ஏகாம்பரத்துக்கும் அவர் மனைவி சாந்திக்கும் ஒரே குறிப்பு. வீட்டுச் சண்டைகளைத் தீர்த்துக்கொள்ள வழி சொல்லும் புத்தகம் எங்களிடம் இரண்டு பிரதி இருந்தது. அவர் ஒன்றை எடுத்து வலைக்கூடையில் ஒளித்து வைத்திருந்தார். அந்தம்மா இன்னொன்றை அரிசி டிரம்மில் வைத்திருந்தார். 'இருவருக்கும் தெரியக்கூடாது. சேர்ந்து வந்தால் பேச்சே எடுக்கக்கூடாது' என்று எழுதினேன்.

அடுத்தது தேசப்பன் அண்ணன். ஊர்க் கூட்டத்தில் அவர் குரல் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். முன்பெல்லாம் காற்று எச்சரிக்கை வந்தால் கோயில் மைக்கில் சொல்லிவிடுவார்கள். இப்போது ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுத்தாக வருகிறது. அண்ணன் பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டி, "கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டேன், இன்னா போட்டுக்கீறான் பாரு" என்பார். (அவருக்குக் கண்ணாடியே கிடையாது.) ஒரு நாள் நான் பூட்டப்போகும் நேரத்தில் வந்து, பேரனுக்கு வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் புத்தகம் கேட்டார். நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். அவருக்கு நேராக எழுதினேன்: 'பேரனுக்கு என்பார். பேரன் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுகிறார். யார் எதிரிலும் கேட்கக்கூடாது.'

எல்லாம் ஏற்றி முடித்தபின் கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் கொடுத்தது. தவணை தாண்டியும் புத்தகம் திருப்பாதவர்கள் பத்தொன்பது பேர். முன்பானால் மீன் இறங்கும் இடத்தில் ஒவ்வொருவராகப் பார்த்து, "அண்ணே, அந்தச் சாமான் படிச்சாச்சா?" என்று காதோடு கேட்பேன். பத்தொன்பது காதுக்கும் சேர்த்து ஒரு வாரம் ஆகும். இப்போதுதான் நவீனமாகிவிட்டேனே! திரையில் குறிப்புக் கட்டத்தை மறைத்தேன். (அந்த அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு.) பட்டியலை ஃபைலாக்கினேன். 'அன்பு வாசகர்களே, புத்தகங்களை உடனே திருப்பித் தரவும்' என்று எழுதி, இரண்டு கும்பிடு பொம்மை வைத்து, ஊர்க் குழுவில் போட்டேன். காற்று, கடல், ஐஸ், காணாமல்போன வலை என்று எல்லாச் சேதியும் வருகிற குழு. ஊரில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

போட்டுவிட்டு அழகு பார்க்கத் திறந்தேன். பெயர் இருந்தது. புத்தகம் இருந்தது. வலது பக்கம் தள்ளிக்கொண்டே போனால், எல்லாவற்றையும்விட அகலமாகக் குறிப்பு இருந்தது. திரையில் மறைத்தது ஃபைலில் மறையவில்லை.

பதறிப்போய் நீக்கப் போனேன். 'அனைவருக்கும் நீக்கு', 'எனக்கு மட்டும் நீக்கு' என்று இரண்டு வழி காட்டியது. தப்பு என்னுடையது, எல்லாருக்கும் எதற்குத் தொந்தரவு என்று நினைத்து 'எனக்கு மட்டும்' என்பதை அமுக்கினேன். சட்டென்று மறைந்தது. என்ன நிம்மதி! அன்றைக்கு நான் சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம் போல அமைதியான சாப்பாடு என் வாழ்க்கையில் இல்லை. ஊர் முழுக்க என் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மல்லிகா வந்தாள். ஆரம்பாக்கம் சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள். காலிக் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"யக்கா, சந்தையில மூணு பேரு கேட்டுட்டாங்க, இந்த வாரம் யாரும் சாவலயான்னு."

எனக்குப் புரியவில்லை. போனைக் காட்டினாள். என் போனில் இல்லாதது அவள் போனில் இருந்தது. எல்லார் போனிலும் இருந்தது. சிரிக்க வேண்டும் என்றுதான் அவள் அப்படிச் சொன்னாள். ஆனால் கண் சிவந்திருந்தது. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, வேறு ஒன்று எடுக்காமல் போனாள். அவள் வெறுங்கையோடு போனதை அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரமும் சாந்தியும் வந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு புத்தகம், மேசையின் இரண்டு ஓரத்தில் வைத்தார்கள். மூவரும் மூன்று திசையில் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நடந்து போனார்கள். (பாதி வழியில் சாந்தி வாய்விட்டுச் சிரித்ததாகவும், அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டதாகவும் அப்புறம் தெரிந்தது. அதை அன்றே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.)

தேசப்பன் அண்ணன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் மட்டுமில்லை, யாருமே வரவில்லை. இன்றைய வாசகர் எண்ணிக்கை பூஜ்யம் என்று கம்ப்யூட்டர் துல்லியமாகக் கணக்குக் காட்டியது. வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். தேசப்பன் விஷயத்தைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். அவர் சிரித்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. தேசப்பன் அண்ணன் ஐம்பது வயதில், பூட்டப்போகும் நேரம் பார்த்து, என் ஒருத்தியை மட்டும் நம்பி உள்ளே வந்தார். அவரைத்தான் இருநூறு போனுக்கு அனுப்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் நூலகத்தைத் திறக்காமல் நேராக ஏரிக்கரைக்குப் போனேன். அண்ணன் தோணியின் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். எதிரில் நின்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு மொத்தமும் மறந்துபோய், "அண்ணே, தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "படிச்சேன்" என்றார்.

யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டேன்.

"யாரும் காட்டல. நானே படிச்சேன். எறா வித்துட்டு வந்து குந்தனவன், முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சி." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "முதல்ல எம்பேர பாத்தேன். எம்பேருக்கு ரெட்டக் கொம்பும்மா. நீ ஒத்தக் கொம்பு போட்டுக்கீற."

பக்கத்தில் கிடந்த போனை எடுத்துக் காட்டினார். 'தெசப்பன்'. நான்கு மாதம் ஏற்றினேன், மூன்று தடவை சரிபார்த்தேன், கம்ப்யூட்டரும் பார்த்தது. யார் கண்ணிலும் படாத பிழையை ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பாதி தாண்டாத மனிதர் பிடித்திருந்தார்.

அவர் மறுபடி வலையைக் கையில் எடுத்தார்.

"இன்னொன்னு. பேரன் கெடயாதுன்னு எய்திக்கீற. பொண்ணுக்கு இது ஆறாம் மாசம். அதையும் திருத்திடு."

அன்று மத்தியானம் ஊர்க் குழுவில் ஒரு சேதி வந்தது. தேசப்பன் அண்ணன் எழுத்தில் எழுதிய முதல் சேதி அது. 'லைபரி தொறந்துகீது. போயி புக்க குடுங்க.' யாரும் கேலி செய்யவில்லை. சாயந்தரத்துக்குள் மிச்சமிருந்த பதினாறு புத்தகமும் வந்துவிட்டன. மல்லிகா வந்து, தானே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். பட்டியலில் இல்லாதவர்களும் வந்தார்கள். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார்கள். பெட்டிக்கடைக்கார அம்மா ஒருவருக்கு நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. "எனக்கு எய்தறதுக்கு ஒண்ணுமே இல்லியா?" என்று அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

குறிப்புகள் அத்தனையையும் அழித்தேன். (இந்த முறை அனைவருக்கும்.) அதற்காகக் கம்ப்யூட்டரை விட்டுவிடவில்லை. அனுப்புவதற்கு முன் ஃபைலை எப்படித் திறந்து பார்ப்பது, கட்டத்தை மறைப்பதற்கும் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பயிற்சித் தம்பியிடமே போன் போட்டுக் கற்றுக்கொண்டேன். அடுத்த பயிற்சிக்கு அவர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். எதையெல்லாம் ஏற்றக்கூடாது என்பதைப் பற்றிப் பேசினேன். அந்தப் பாடம் அதுவரை அவர் புத்தகத்தில் இல்லை. அவர் எழுதிக்கொண்டார்.

என் வீடுதான் இன்னும் என்னை விடவில்லை. யாராவது வந்துவிட்டுப் போனால், கதவைச் சாத்தியதும் என் கணவர் என் பக்கம் திரும்பி, "குறிப்பு?" என்பார். நான் ஒரு வரி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தட்டில் சோறு போட்டுக்கொள்ள மாட்டார்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் போன அன்று, அவரை முந்திக்கொண்டு மகளே கேட்டாள். பையன் டீ குடித்த டம்ளரைத் தானே எடுத்துப்போய்த் தொட்டியடியில் வைத்தான் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மருமகன் வரும்போதெல்லாம் என் கணவர் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறார். மருமகனும் வரும்போதெல்லாம் டம்ளரைத் தானே எடுத்துப்போய் வைக்கிறார். அது அவர் பழக்கமா, என் குறிப்புக்குப் பயந்தா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் அதையும் என் கணவருக்குச் சொல்ல வேண்டிவரும்.