ஆறாம் மாடியில் ரோமாபுரி

இந்த வருஷம் வீட்டில் கிறிஸ்மஸ் கிடையாது என்று ஜெயசீலன் முடிவெடுத்தபோது, அவன் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தான். காகித நட்சத்திரம் இருந்த அட்டைப்பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளி, முன்னால் இரண்டு சூட்கேஸை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெட்டி வெளியே வந்தால் நட்சத்திரம் வெளியே வரும். நட்சத்திரம் வெளியே வந்தால் அதை யாராவது கட்டவேண்டும். அந்த யாராவது அவன்தான்.

போன வருஷம் கவலையில்லை. பஹ்ரைனில் இதே குதைபியாவில் அப்போது தரைத்தள வீடு. கையை நீட்டினால் கூரை. இந்த வருஷம் மனைவி ஸ்டெல்லா காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று ஆறாவது மாடிக்குக் குடிவந்துவிட்டாள். பால்கனியின் வெளி உத்தரத்தில், முன்பு குடியிருந்த புண்ணியவான் எவனோ ஒரு கொக்கி அடித்து வைத்திருந்தான். "நம்ம ஸ்டாருக்குன்னே அடிச்ச மாதிரி இருக்குல்லா அத்தான்!" என்று அவள் பூரித்துப்போனாள். ஜெயசீலன் மட்டும் அந்தக் கொக்கியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவனுக்கு உயரம் என்றால் பயம். சாதாரண பயம் இல்லை. கீழே பார்த்தால் தலை சுற்றும், மேலே பார்த்தாலும் தலை சுற்றும். தெருவில் தலையைக் குனிந்தே நடப்பான். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். பால்கனித் திரையை இரவும் பகலும் இழுத்தே வைத்திருந்தான். கேட்டால் வெயில் என்பான். டிசம்பரில்!

இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பெண் பார்க்கத் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்குப் போன அன்றே வாய் முந்திவிட்டது. அவன் வேலை பார்ப்பது சாரம் கட்டும் கம்பெனியில். அதுவரை உண்மை. ஆனால் அவன் ஸ்டோர்கீப்பர். கூரைக்கு அடியில் உட்கார்ந்து கிளாம்ப் எண்ணுகிறவன். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டபோது, "பாலத்து உச்சியில நிப்பேன். கீழ காரெல்லாம் எறும்பு மாதிரி தெரியும்" என்று அளந்துவிட்டான். எறும்பு என்றதும் உள்ளே ஸ்டெல்லாவின் வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகச் சொன்ன பொய் இன்றைக்கு ஆறு மாடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. குட்டு உடைந்தால் மானம் போகும், ஏறினால் உயிர் போகும்.

அப்போதுதான் ரோமாபுரி கைகொடுத்தது. போனில் யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் பேசிய வீடியோவை ஜெயசீலன் பார்த்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தொண்டையைச் செருமினான்.

"ஸ்டெல்லா, டிசம்பர் இருபத்தஞ்சு யாரு நாள் தெரியுமா?"

"என்னத்தான் கேள்வி? இயேசப்பா பொறந்த நாள்."

"அதான் இல்ல! பைபிள்ல தேதியே கெடையாது. அது ரோமாபுரிக்காரன் சூரியனைக் கும்பிட்ட நாள். அதுக்கு முந்தின வாரம் சனி பகவானுக்குத் திருவிழா. மெழுகுவர்த்தி, பரிசு, விருந்து எல்லாம் அவன் வழக்கம். பச்சை இலையை வாசல்ல கட்டுறதும் அவந்தான். நம்ம ஆளுங்க பின்னால அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அதனால இந்த வீட்டுல இனி அதெல்லாம் வேண்டாம். குறிப்பா, ஸ்டார் வேண்டாம்."

ஸ்டெல்லா மீன் துண்டைத் திருப்பிப் போட்டாள். "ஸ்டார் பைபிள்ல இருக்கே? இயேசப்பாவைத் தேடி வந்த சாஸ்திரிமாரு பாத்தாங்கல்லா?"

"பாத்தாங்க. ஏறிக் கட்டினாங்களா?"

"கல்யாண மோதிரமும் ரோமாபுரி வழக்கம்னு சொல்லுவாங்க. கழட்டிருவீங்களா?"

"அது வேற."

"ஸ்டெல்லாங்கிறதே ரோமாபுரிப் பேச்சு. நட்சத்திரம்னு அர்த்தம். என்னையும் வேண்டாம்னுருவீங்களா?"

"அது... வேற."

"சிலுவை? ஆளைக் கொல்ல ரோமாபுரிக்காரன் நட்ட மரந்தானே அத்தான்? அதைத்தானே நம்ம தாலியில போட்டிருக்கோம்? அவன் மரம் நமக்கு ரட்சிப்பாயிட்டுல்லா? அப்ப அவன் தேதி ஆகாதா?"

வீடியோக்காரர் இதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கவில்லை.

"அதை விடுங்க. இந்த ஊருல நாம ஞாயித்துக்கிழமை ஆராதனைய எப்ப வைக்கோம்? வெள்ளிக்கிழமை. ஏன்? அன்னைக்குத்தான் லீவு. ஆண்டவர் கோவிச்சுக்கிட்டாரா? அந்தக் காலத்துச் சனமும் ராஜா லீவு விட்ட நாளைப் பாத்துப் பண்டிகையை வச்சிருக்கும். பாவம், அவங்களுக்கும் டூட்டி இருந்திருக்கும்லா."

"எது எப்படியோ," என்று ஜெயசீலன் தட்டோடு எழுந்துவிட்டான். "மனசாட்சி ஒத்துக்கல."

"சரி அத்தான். வேண்டாம்னா வேண்டாம்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. ஜெயசீலனுக்குப் பகீரென்றது. இரண்டு வருஷக் குடித்தனத்தில் ஸ்டெல்லா சரி என்று சொன்ன பிறகு ஒரு காரியமும் அவனுக்குச் சரியாக முடிந்ததில்லை. படுக்கப் போகுமுன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். பெட்டி இருந்தது. இருந்தும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கொக்கி தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஜெயசீலனுக்கு இருண்டதெல்லாம் பால்கனி.

மறுநாள் சாயங்காலம் கீழே கலீலுர் ரஹ்மான் கடையில் பால் வாங்க நின்றான். காயல்பட்டினத்துக்காரர். பஹ்ரைன் தேசிய தினம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மிச்சமான சிவப்பு வெள்ளை விளக்குச் சரங்களை வாசலில் குவித்து வைத்திருந்தார்.

"தேசிய தினம் முடிஞ்சுட்டே பாய், இதை இனி யாரு வாங்குவா?"

"நேத்து வரைக்கும் தேசிய தின லைட்டு. இன்னைக்குக் கிறிஸ்மஸ் லைட்டு. அப்புறம் கல்யாண லைட்டு. லைட்டுக்குத் தெரியுமா தம்பி, எவன் பண்டிகைக்கு எரியுறோம்னு?" என்று அவர் சிரித்தார். "அது இருக்கட்டும், கடை ஷட்டரை இழுக்குற கொக்கிக் கம்பியை உங்க வீட்டுல வாங்கிட்டுப் போனாங்க. ஆளு நல்ல கெட்டிக்காரி! அண்ணாந்து பாருங்களேன்."

ஒட்டடை அடிக்க வாங்கியிருப்பாள் என்று ஜெயசீலன் நினைத்தான். அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை. தலை சுற்றினால் யார் பிடிப்பது?

மேலே வந்து கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். பால்கனித் திரைக்கு முன்னால் ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாங்க அத்தான். நீங்க சொன்னது சரிதான். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பால்கனியில வாட்ச்மேன் கார்மேகம் கட்டின தேசிய தின லைட்டு கெடக்குல்லா? பாக்கிறவங்க கிறிஸ்மஸ் லைட்டுன்னு நெனச்சிருவாங்க. ரோமாபுரி வேலை நம்ம வீட்டுல வேண்டாம். ஏறிக் கழட்டிருங்க."

"நானா? கார்மேகம் எங்க?"

"லீவுல ஊருக்குப் போயாச்சு. நீங்க பாலத்து உச்சியில நிக்கிற ஆளு. இதென்ன பிரமாதம்?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஜெயசீலன் விழித்தான். கத்தவும் முடியாது, காட்டவும் முடியாது. உயிர்ப்பயம் மனுஷனை ஒரே நிமிஷத்தில் வேதபண்டிதன் ஆக்கிவிடும்.

"ஸ்டெல்லா! நானும் யோசிச்சேன். அந்தக் காலத்துச் சனம் பாவம். ராஜா லீவு விட்ட நாள்ல பண்டிகை வச்சா என்ன தப்பு? நாம வெள்ளிக்கிழமை வைக்கலையா? சிலுவையே ரோமாபுரி மரந்தானே? லைட்டுக்குத் தெரியுமா, எவன் பண்டிகைக்கு எரியுறோம்னு? கெடந்துட்டுப் போகட்டும்!"

"அப்ப நம்ம வீட்டுல கிறிஸ்மஸ் உண்டா?"

"உண்டு, உண்டு!"

"விருந்து?"

"சபை முழுக்கக் கூப்பிடு!"

"ஸ்டாரு?"

ஜெயசீலன் வாயை மூடினான். ரொம்ப லேட்.

"அப்ப ஏறுங்க. லைட்டைக் கழட்டுனாலும் ஏறணும், ஸ்டாரைக் கட்டுனாலும் ஏறணும். நீங்களே சொல்லுங்க, எதுக்கு ஏறுதீங்க?"

ஜெபம் பண்ணிவிட்டு ஏறுகிறேன் என்று ஜெயசீலன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறக்கவே இல்லை. திரை விலகும் சத்தம், கண்ணாடிக் கதவு நகரும் சத்தம். கடல்காற்று முகத்தில் அடித்தது. கீழே, எங்கேயோ பாதாளத்தில், ஒரு கார் ஹார்ன் அடித்தது. ஸ்டெல்லாவின் தோளைப் பற்றிக்கொண்டு நகர்ந்தான். காலில் மரம் தட்டியது. ஏறினான். வியர்வை காதுக்குள் இறங்கியது. இனி ஒரு மூச்சு விட்டாலும் விழுந்துவிடுவோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"ஸ்டெல்லா... எனக்கு உயரம்னா பயம்!" அழுதேவிட்டான். "நான் பாலத்துல ஏறினதே இல்ல. ஸ்டோர்ல கிளாம்ப் எண்ணுதேன். பொய் சொல்லிட்டேன். என்னைப் பிடிச்சுக்கோ!"

"தெரியும்."

"என்னது?"

"கல்யாணத்தன்னைக்கே தெரியும். கோயில்ல ஆல்டர் படி ஏற என் கையை அந்தப் பிடி பிடிச்சீங்களே. மூணே படி அத்தான். கண்ணைத் திறங்க."

ஒரு கண்ணை மட்டும் திறந்தான். முதலில் காலைப் பார்த்தான். ஏறி நின்றது பூண்டு உரிக்க உட்காருகிற மணை. தரையிலிருந்து நாலு விரல் உயரம் இருந்தால் அதிகம். பிறகு மெல்லத் தலையைத் தூக்கினான். வெளி உத்தரத்துக் கொக்கியில், சிவப்பும் வெள்ளையுமான சரங்களுக்கு நடுவே, நட்சத்திரம் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கலீலுர் ரஹ்மானின் ஷட்டர் கம்பி சாய்ந்து நின்றது.

"இதை... எப்ப கட்டின?"

"நீங்க ரோமாபுரியை ஆரம்பிச்சீங்களே, அன்னைக்குக் காலையிலயே. குதைபியாவே பாத்துட்டு, நீங்கதான் பாக்கல. நீங்க ராத்திரியெல்லாம் காவல் காத்தது வெறும் பெட்டி."

"அப்ப என்னை என்னத்துக்கு ஏத்தின?"

ஸ்டெல்லா மணையைக் காலால் தட்டி, அவனை இறங்கச் சொன்னாள்.

"கீழ காரெல்லாம் எறும்பு மாதிரி தெரியும்னு அன்னைக்குச் சொன்னீங்கல்லா? தெரியுதான்னு கேக்கத்தான்."