துப்பாக்கி இல்லாத தோட்டாக்காரர்

பொருள் வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாங்கக் காசில்லாதவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. வளைகுடா நாடுகளில், ஏ.சி. ஓடும் அறைகளில், அது செழித்து வளர்கிறது. கையில் காசு இருக்கும், கீழே இறங்கினால் கடை இருக்கும், வீட்டில் தேவையும் இருக்கும். ஆனால் வாங்காது. ஆராயும். இந்த இனத்துக்கு 'எது பெஸ்ட்' ஆசாமி என்று பெயர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் புதிதாக ஒன்றை வாங்கி, அட்டைப்பெட்டியைக்கூட இன்னும் பிரிக்காமல், முகமெல்லாம் சிரிப்பாக நிற்கும்போது, இவர் பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து மாடல் நம்பரைப் படிப்பார், நிமிர்வார், பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில், "இதையா வாங்கினேள்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?" என்பார். அவ்வளவுதான். அந்தப் பொருள் அது உயிரோடு இருக்கிறவரை உங்கள் கண்ணுக்கு மட்டமாகவே தெரியும்.

துபாயில் சத்வாவில் குடியிருக்கும் வெங்கட்ராமன் இந்த இனத்தின் தலைமகன். ஒரு ஏர்கண்டிஷனிங் கம்பெனியில் எஸ்டிமேஷன் எஞ்சினியர். எதை வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வரவழைத்து, கட்டம் போட்டு ஒப்பிட்டு, மேலே அனுப்புவது அவர் டூட்டி. முடிவெடுப்பது மேலே இருப்பவர். பதினெட்டு வருடமாக இதையே செய்து செய்து, ஒப்பிடுவது தன் வேலை, முடிவெடுப்பது வேறு யாருடைய வேலையோ என்று அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டுக்கு வந்தால் மேலே யாரும் இல்லை. அங்கேதான் சிக்கல்.

மிக்ஸி உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மிக்ஸி புகைந்து நின்றபோது அவருடைய மனைவி சுசீலா, "சாயங்காலம் வரச்சே ஒண்ணு வாங்கிண்டு வந்துடுங்கோ" என்றாள். அப்படிச் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் தேங்காயையும் மிளகாயையும் டப்பாவில் போட்டுக்கொண்டு எதிர் ஃபிளாட் ஷம்சியா வீட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வருகிறாள். சட்னிக்கு அரைப்பவர்கள் யாராவது விசா இல்லாமல் அடுத்த நாட்டுக்குள் நுழைவது போலக் கூச்சப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுசீலாவைப் பார்க்கலாம். வெங்கட்ராமனோ சலிக்காமல் பதில் சொல்வார்: "அவசரப்பட்டா தப்பா வாங்கிடுவோம்."

இப்படிப்பட்டவர் தோட்டா விஷயத்துக்கு எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். கம்பெனியில் எல்லோரையும் ஒரு ஷூட்டிங் கிளப்புக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்குப் பத்து தோட்டா. அக்கவுண்ட்ஸ் முரளிதரன், வாழ்க்கையில் பேனாவைத் தவிர எதையும் குறிபார்க்காதவர், ஏழு தோட்டாவைக் குறி அட்டையில் இறக்கினார். வெங்கட்ராமன் சுட்ட பத்தும் எங்கே போயின என்று அந்தக் கிளப்புக்கு இன்றுவரை தெரியாது. அட்டை புத்தம் புதிதாக இருந்தது.

வேறு யாராவது என்றால், "நமக்கு வராதுப்பா" என்று சிரித்துவிட்டு பிரியாணிக்குப் போயிருப்பார்கள். வெங்கட்ராமன் கீழே கிடந்த காலித் தோட்டாக் குப்பியைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "ஃபேக்டரி தோட்டா. ஒண்ணுக்கொண்ணு கன்சிஸ்டென்ஸியே கிடையாது."

தவறு எப்போதும் பொருளில்தான் இருக்கும். ஆளில் இருந்ததாக இந்த இனத்தின் வரலாற்றிலேயே கிடையாது.

அந்த வாரமே, அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கும் சுசீலாவின் தம்பி ஷ்யாம் வீடியோ காலில் வாய் தவறி ஒன்றைச் சொல்லித் தொலைத்தான். "அத்திம்பேர், நான் கடைத் தோட்டாவைத் தொடறதே இல்லை. கராஜ்ல பிரஸ் வெச்சிருக்கேன். நானே பண்ணிக்கறேன்." பிரஸ் என்றால் ஒன்றுமில்லை. சுட்டுத் தீர்ந்த குப்பியில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து அழுத்திப் புதுத் தோட்டாவாக்குகிற ஓர் இரும்புக் கருவி. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஷ்யாம் அதைக் கடையில் பார்த்தான், பிடித்தது, வாங்கினான்.

"எத்தனை மாடல் கம்பேர் பண்ணினே?" என்று கேட்டார் வெங்கட்ராமன்.

"கம்பேரா? கடைக்காரன் இது நல்லதுன்னான், எடுத்துண்டு வந்துட்டேன்."

வெங்கட்ராமன் மச்சினனை அனாதைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அன்றிலிருந்து ஆரம்பித்தது ஆராய்ச்சி.

ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்கிற பிரஸ் ஒரு வகை, தலை சுழன்று சுழன்று வேலையை மாற்றிக்கொள்கிற பிரஸ் ஒரு வகை, ஒரே இழுப்பில் எல்லா வேலையையும் முடிக்கிற பிரஸ் ஒரு வகை. இந்த மூன்றுக்கும் கட்டம் போட்டு, எடை, கைப்பிடி நீளம், வார்ப்பிரும்பா அலுமினியமா, உத்தரவாதம் எத்தனை வருடம் என்று நாற்பத்திரண்டு பத்திகள் சேர்த்து, 'பிரஸ் ஃபைனல்' என்று ஒரு ஃபைல் திறந்து, அது 'ஃபைனல் இரண்டு' ஆகி, 'ஃபைனல் ரியல்' ஆகி, எட்டு மாதத்தில் 'ஃபைனல் ரியல் ஒன்பது' வரை வளர்ந்தது. பிறந்தநாள் விருந்துகளில் யாராவது "அப்புறம், என்ன விசேஷம்?" என்று தெரியாமல் கேட்டுவிட்டால் போதும். கேட்டவரின் தட்டில் வடை ஆறிப்போகும். வார்ப்பிரும்பின் மகிமை முடிவதற்குள் கேக் வெட்டி, பாட்டுப் பாடி, குழந்தை தூங்கியும் போய்விடும்.

"அப்பா, நம்மகிட்ட துப்பாக்கியே இல்லையே" என்றாள் பத்தாவது படிக்கும் மகள் ஸ்ருதி.

"முதல்ல பிரஸ் ஃபைனலாகட்டும்" என்றார் அப்பா.

இதே சமயத்தில் அந்த வீட்டில் இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது, உண்மையான விஷயம். சுசீலா கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறமும் சென்னையில் ஒரு பள்ளியில் நன்றாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். துபாய்க்கு வந்ததிலிருந்து பதினொரு வருடம் வீட்டில் இருந்துவிட்டாள். அவளுக்கு இப்போது ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. இன்டர்வியூ முடிந்தது, டெமோ வகுப்பு முடிந்தது, எல்லாம் முடிந்தது. மிச்சம் இருந்தது போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான். வியாழக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டுத் தினமும் ஐம்பது தடவை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை போன் வந்தது. சான்றிதழ் இல்லை. பார்சல் ஆபீஸ். சுசீலா வெங்கட்ராமன் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டியைக் கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்திருக்கிறது, நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

"பெட்டியா? நான் ஒண்ணும் ஆர்டர் பண்ணலையே!"

சோபாவில் இருந்த வெங்கட்ராமன் தொண்டையைச் செருமினார்.

இந்த இனம் வாங்காது என்றேன் அல்லவா? வாங்கவில்லை. 'பிடிக்காவிட்டால் பதினைந்து நாளில் இலவசமாகத் திருப்பித் தரலாம்' என்று போட்டிருந்தது. கையில் பிடித்து, எடை பார்த்து, இழுத்துப் பார்த்து, நாற்பத்து மூன்றாவது பத்தியை நிரப்பிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது திட்டம். முதல் ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. வேறு எதையோ இதேபோல வரவழைத்துத் திருப்பியனுப்பியதில், அவருடைய நம்பரில் அந்தத் தள்ளுபடி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. எனவே மனைவியின் பெயர், மனைவியின் நம்பர். எந்தக் குடும்பத்தில்தான் செய்யவில்லை?

இருநூற்றுப் பதினோரு விமர்சனங்களைப் படித்தவர், இதை இந்த நாட்டுக்குள் கொண்டுவரலாமா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கு அவருடைய கட்டத்தில் பத்தி இல்லை.

சுசீலா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ஏன்னா, என் பேர்ல கேஸ் எழுதினா சர்டிபிகேட் வருமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் டி.வி. ரிமோட்டைத் தேடினார். அவளே சொன்னாள்: "நாளைக்கு அங்க வந்து ஒரே வாக்கியம் சொல்லணும். தெரியாம ஆர்டர் பண்ணிட்டோம், வேண்டாம். அதுக்கு மேல வாயைத் திறக்கப்படாது."

"சரி."

"சத்தியமா?"

"நான் என்ன குழந்தையா?"

செவ்வாய்க்கிழமை காலை பார்சல் ஆபீசில் கவுன்டரில் இருந்தவர் ஃபாரூக், கீழக்கரைக்காரர். பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேச ஆரம்பித்தார். "பயப்படாதீங்கக்கா. சாமானை வாங்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போச்சு. கலாஸ்." உள்ளே அழைத்துப் போனார். மேஜைக்குப் பின்னால் கஸ்டம்ஸ் அதிகாரி. மேஜைமேல், பெட்டியிலிருந்து எடுத்து வைக்கப்பட்ட பிரஸ். எட்டு மாதக் காதலியை முதன்முதலாக நேரில் பார்க்கிற வெங்கட்ராமனின் முகம் போன போக்கை ஃபாரூக் கவனித்தார். சுசீலாவும் கவனித்தாள். கணவரின் முழங்கையைக் கிள்ளினாள்.

"தெரியாம ஆர்டர் பண்ணிட்டோம் சார், வேண்டாம்" என்றார் வெங்கட்ராமன், பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல.

அதிகாரி தலையாட்டினார். நல்ல மனிதர். படிவத்தை எடுத்தார். எழுதப் போனவர், சும்மா இருக்காமல், பிரஸைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம். இதில் இதுதான் உசத்தி போல" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அங்கே விழுந்தது இடி. திருடன் என்று சொல்லியிருந்தால் வெங்கட்ராமன் பொறுத்துக்கொண்டிருப்பார். தப்பான மாடலை உசத்தி என்றால் எப்படிப் பொறுப்பது?

"நோ சார். இது மூணாவது ரேங்க்."

"ஏன்னா..." என்று இழுத்தாள் சுசீலா.

"இரும்மா, சாருக்கு விஷயம் தெரியட்டும்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கைப்பிடியின் நீளம் எங்கே குறைகிறது, வார்ப்பு எங்கே பலவீனம், இந்தக் கம்பெனிக்காரன் எங்கே ஏமாற்றுகிறான் என்று ஆரம்பித்தவர், சுழலும் தலைக்குப் போய், அங்கிருந்து ஒரே இழுப்புக்குப் போய், போனைத் திறந்து 'ஃபைனல் ரியல் ஒன்பதை' அதிகாரியின் மூக்குக்கு நேராக நீட்டினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பொறுமை கூடக்கூட அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது.

"அப்படியானால் வீட்டிலேயே தோட்டா செய்துவிடலாம்?"

"தாராளமா சார். ஒரு சின்ன ரூம் போதும். ரொம்ப ஈஸி."

அதிகாரியின் பேனா நின்றது. ஃபாரூக், "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அதிகாரி படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். அதன் தலைப்பில், மெதுவாக, பார்சலில் இருந்த பெயரை எழுத ஆரம்பித்தார். சு, சீ, என்று ஒவ்வோர் எழுத்தாக அவள் பெயர் அந்த அந்நிய எழுத்தில் உருவாவதை சுசீலா பார்த்துக்கொண்டு நின்றாள். பதினொரு வருடம். இன்னும் இரண்டே நாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை.

"சார்," என்றாள். ஆங்கிலமும் அரைகுறை இந்தியும் கலந்து படபடவென்று வந்தது. "இவருக்கு துப்பாக்கி கிடையாது. ஒரு தடவை சுட்டார், பத்தும் வெளியே போச்சு. எங்க வீட்டு மிக்ஸி கெட்டுப்போய்ப் பதினாலு மாசம் ஆறது, எது நல்ல மிக்ஸின்னு இவர் இன்னும் பார்த்துண்டிருக்கார். நான் அடுத்த வீட்டுல போய் அரைக்கறேன். இவர் ஒரு தோட்டா பண்ணி முடிக்கறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆகிடுவேள். என் வேலையை மட்டும் கெடுத்துடாதேங்கோ."

அதிகாரி வெங்கட்ராமனைப் பார்த்தார்.

"பதினாலு மாதம்? உண்மையா?"

வெங்கட்ராமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கப்படாது. ஜார் லாக்னு ஒண்ணு இருக்கு..."

அதிகாரி சிரித்தார். முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். ஆபத்தானவர்களைப் பார்த்துப் பழகிய மனிதர். இது அந்த ரகமில்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. "இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பழைய படிவத்தை வெங்கட்ராமன் முன்னால் தள்ளினார். அதில் இரண்டு கட்டம். அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பவும் என்று ஒன்று. அழித்துவிடவும் என்று ஒன்று. ஏதாவது ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

வெங்கட்ராமன் பேனாவை வாங்கினார். முதல் கட்டத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"சார், இந்த ரெண்டுல எது பெட்டர்?"

சுசீலா அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, ஒரு கட்டத்தில் டிக் போட்டு, தன் பெயர்தானே என்று தானே கையெழுத்தும் போட்டு, படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு வெளியே நடந்தாள். மூன்று நொடிகூட ஆகியிருக்காது. புதன்கிழமை சான்றிதழ் வந்தது. அடுத்த திங்களன்று அவள் வேலைக்குச் சேர்ந்ததற்கு ஷம்சியா பாயசம் வைத்தாள்.

இந்த மாதிரி ஆட்களோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் சுசீலா டிக் போட்டது எந்தக் கட்டத்தில் என்று நான் சொல்லவில்லை. திருப்பி அனுப்பியிருந்தால் காசாவது வந்திருக்குமே, அழித்துவிட்டால் பின்னால் தொல்லை இருக்காதே, அவள் எதைத்தான் போட்டாள், நிதானமாக யோசித்துத்தான் போட்டாளா என்று இந்த வரிகளுக்குள் உங்களுக்கு ஒரு சின்ன நமைச்சல் எடுத்திருக்கிறதா?

எடுத்திருந்தால், உங்கள் வீட்டிலும் ஒருவர் உங்கள் கையில் இருக்கும் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கொடுத்துவிடுங்கள்.