ஹமீத் சாயபு தின்ற ஒரு கரண்டி

அந்தச் சித்திரை முடிவதற்குள் முதலாளி ஆகிவிடுவது என்று தீர்மானம் செய்தேன். தீர்மானம் என்னுடையது. வீடு என் பெண்டாட்டியுடையது. கோளாறு அங்கேதான்.

நான் மஹபூப் பாஷா. ஆம்பூரில் பச்சைத்தோல் தரகன். ஒன்பது வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினவன். பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி. கையில் நாலு நகம் கிடையாது, சுண்ணாம்பு தின்றுவிட்டது. வலது நடுவிரல் பாதிதான் மிச்சம். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வது கிடையாது. கையின்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். கை விட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் மாற்றக் கூடாது. என்னுடைய பாதி விரலை முழு விரலென்று நம்பி ஏமாந்தவர்கள் ஆற்காடு வரைக்கும் இருக்கிறார்கள்.

வீட்டைக் கட்டினதும் நான்தான். கட்டின ஈரம் காய்வதற்குள் நிக்காஹ். பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, தோல் தூக்குகிறவன் பெண்ணுக்கு மஹராக இன்னாத்தை எழுதிக் கொடுத்துவிடப் போகிறான் என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வீட்டையே எழுதிக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். எழுதிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் என் பெண்டாட்டி வீட்டில் குடியிருக்கிறேன்.

அந்த வீட்டில் ஒரு கிணறு. எங்களைச் சுற்றித் தோல் பதனிடும் டேனரிகள். வருஷத்துக்கு ஒரு கிணறு கெடும். முதலில் தண்ணீரில் வாடை வரும், பிறகு மஞ்சள் தட்டும், பிறகு குழந்தைகள் காலில் சிரங்கு. எங்கள் கிணறு மட்டும் இன்னும் இனிப்பாக இருந்தது. விடிந்தால் பதினேழு குடம் வரிசையில் நிற்கும். கிணற்றடியில் ஒரு மாமரம். எங்கள் மூத்த பிள்ளை மூன்று வயதில் ஜுரத்தில் போன வருஷம் நசீமுன்னிசா நட்டது. பிள்ளையைப் பற்றி அவள் பேசுவதில்லை. மரத்துக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றுவாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்துல் ஹமீத் சாயபுவின் டேனரி. நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் தோல் பதப்படாது. அவருக்கு எங்கள் கிணறு வேண்டும். வீட்டை இடித்து, மரத்தை வெட்டி, எட்டுத் தொட்டி கட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். பதிலுக்கு நான் கூட்டாளி. வாசல் பலகையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர். அந்தப் பலகையை நான் தூக்கத்தில்கூடப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது.

நசீமுன்னிசாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது.

"தொட்டி வந்தா தெருசனம் எங்கங்க போய் தண்ணி மொள்ளும்?"

"அது தெருவோட கவலை."

"மரம்?"

"மாங்கா பஜார்ல கெடைக்குது."

மறுபடி முறம் ஆட ஆரம்பித்தது. அவள் மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் அவளுக்கும் சேர்த்து நானே பேசினேன். நான் பேசினால் சுவரில் சுண்ணாம்பு உதிரும். நாலாம் நாள் அவளே வந்தாள். கையெழுத்துப் போடுகிறாளாம். ஆனால் சாயபு எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் கையால் சாப்பிட்டுவிட்டு, இங்கேதான் துண்டு போட வேண்டுமாம். என் தொண்டை ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

பிரியாணி எந்த வீட்டிலும் உண்டு. சாயபு கண்ணால் பார்த்திராத ஒன்றை வைத்து அவரை மடக்க வேண்டும். அப்போதுதான் மதராஸில் தோல் ஏற்றுமதி துரையின் பங்களாப் பின்கட்டில் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் பாலேடும் பழமும் சேர்ந்து உறைந்து, தொட்டால் குலுங்கும். வாயில் வைத்தால் சில்லென்று நழுவி ஓடும். சுடுவது, பொரிப்பது எதுவும் இல்லை, ஐஸில் வைத்தால் இறுகிவிடும் என்று பட்லர் வில்சன் சொன்னான். எதனால் இறுகுகிறது என்று கேட்டேன். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டினால் என்றான். என் தொழிலே எனக்குப் பரிமாறப்பட்டிருக்கிறது. சந்தோஷத்தில் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கித் தின்றேன்.

வேலூருக்குப் போய் இங்கிலீஷ் சாமான் கடையில் அரைமணி நேரம் சண்டை போட்டு ஒரு டப்பா ஜெலட்டின் வாங்கினேன். மரத்தூள் மூட்டையில் ஐஸ்கட்டிக்கும் ஏற்பாடு செய்தேன். நசீமுன்னிசா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்தாள். இது இன்னாத்தில் செய்கிறது என்று கேட்டாள்.

"தோலு, எலும்பு, சவ்வு. நாம சுரண்டி எறியறதுதான்."

அவள் டப்பாவை மாடத்தில் வைத்தாள். "ஒண்ணு கேட்டுக்கறேங்க. சாயபு கேட்டா பாலு, பழம்னு சொல்லிடுங்க. தோல் பேச்சை எடுக்காதீங்க," என்றாள்.

"நான் இன்னா பேசணும்னு நீ சொல்றியா?"

"சொல்லலைங்க. உங்களால வாயைக் கட்ட முடியாதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுக்கறேன்."

வாயைக் கட்ட வேண்டும் என்று எவன் சொன்னாலும் எனக்கு வாய்தான் முதலில் திறக்கும்.

சாயபு வந்த அன்று அனல். காக்கைகூடக் கத்தவில்லை. டேனரி வாடை சுவரேறி வந்து விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது. பிரியாணி முடிந்தது. நசீமுன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து கிண்ணங்களை நீட்டினாள். நான் வாங்கி வைத்தேன். வெள்ளை வெளேரென்று பாலேடு. நடுவில் அந்த மரத்து மாம்பழத் துண்டுகள், மேலே மாதுளை முத்து. கிண்ணத்தை வைத்த அதிர்விலேயே குலுங்கியது. சாயபு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"இன்னா பாஷா, சொர்க்கமா இருக்குதே. இன்னாத்துல பண்ணாங்க?"

துண்டு என் தோளில் தயாராக இருந்தது. பால், பழம் என்று சொல்லிவிட்டு அதை எடுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு நான் முதலாளி. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. என்னை எச்சரிக்கிறாள். என் வீட்டில், என் விருந்தாளி முன்னால், என்னையே.

"நம்ம சரக்குல, சாயபு," என்றேன். "தோலும் சவ்வும் காய்ச்சி எடுத்தது. போன வருஷம் உங்க டேனரிலேர்ந்து பசை ஏஜெண்டுக்கு நாலு வண்டி ஏத்தினோமே, அதுதான் கப்பல்ல போய் டப்பாவுல திரும்பி வந்திருக்குது. நீங்க வித்ததை நீங்களே சாப்பிடறீங்க."

சாயபுவின் கண் திறந்தது. இரண்டாவது கரண்டி வழியிலேயே நின்றது.

"அந்த நாலு வண்டியா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. போன வருஷம் கணியம்பாடிப் பக்கம் நோய் கண்டு மாடுகள் மடிந்தன. வயல்காட்டில் ஊதிக் கிடந்ததையெல்லாம் அடிமாட்டு விலைக்கும் கீழே பேசி வாங்கினவன் நான். அந்தச் சவ்வை ஏற்றி அனுப்பினவர் அவர். வண்டியில் போனது இன்னதென்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் கரண்டியோடு உட்கார்ந்திருந்தோம்.

"அறுக்காம செத்த மாடுடா அது, ஹராம்," என்றார் சாயபு, மெதுவாக.

எழுந்து கொல்லைக்கு ஓடினார். பிரியாணியிலிருந்து எல்லாம் திரும்பி வந்தது. கிணற்றில் மொண்டு மொண்டு பதினொரு முறை வாய் கொப்பளித்தார். நானும் என் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். மதராஸில் நான் தின்றது இரண்டு கிண்ணம்.

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஹராமை ஊட்டிட்டு என் கையைப் பிடிக்கப் பார்த்தே. உன் கிணறும் வாணாம், உன் கூட்டும் வாணாம். இந்த வாசல்ல இனிமே என் நிழல் விழாது."

சாயபு சொன்னால் சொன்னதுதான். துண்டு போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே போனேன். நசீமுன்னிசாவும் பக்கத்து வீட்டு அக்தரி பேகமும் எதிரெதிரே உட்கார்ந்து மிச்சக் கிண்ணங்களைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அக்தரி பேகம் என் முகத்தைப் பார்த்ததும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"அதைக் கீழ வை. இன்னாத்துல பண்ணதுன்னு தெரிஞ்சுமா துன்றே?"

"கடல்பாசிங்க," என்றாள். "நோன்புக்கு நோன்பு, கஞ்சிக்கு அப்புறம் நீங்க ரெண்டு கிண்ணம் கேப்பீங்களே, அதேதான். நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. ஐஸ்கூட வாணாம், தானா உறையும். வந்தவங்க வாய்ல ஹராம் போடுவேனா நான்?"

அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மோந்தேன்.

"போய் சாயபு கிட்ட சொல்லுங்களேன்," என்றாள். "வெறும் பாசிதான், தோலுன்னு நான் சொன்னது பொய்யின்னு."

யோசித்துப் பார்த்தேன். செத்த மாட்டை ஊட்டினவன், இல்லாவிட்டால் விருந்தாளியின் வாயில் பொய்யை வைத்தவன். இந்த இரண்டில் எந்தப் பெயரோடு அவர் படியேறுவது? வெளியே மாலைத் தண்ணீருக்குக் குடங்கள் வந்து வரிசையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்போ நான் வேலூர்ல சண்டை போட்டு வாங்கியாந்த டப்பா?"

"வீணாக்கலைங்க. காய்ச்சிப் பசையாக்கிட்டேன். பொட்டியைத் தொறந்து பாருங்க."

அவளுடைய மரப்பெட்டியைத் திறந்தேன். வீட்டுப் பத்திரத்தை நாலு மூலையும் படிய மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தாள். மிச்சமிருந்த நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தேன். அசையவில்லை.

நாற்பது வருஷம் தோல் தொழிலில் இருப்பவன் நான். அந்த ஒரு காகிதத்தை உரிக்க என்னால் முடியவில்லை.