நாற்பத்தெட்டாவது விநாடியில் ஒரு கோளாறு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கு நலம். முதலில் கைப்பழக்கத்தில் ‘மூவரும்’ என்று எழுதி அடித்திருக்கிறேன், அந்தக் கோட்டைப் பொருட்படுத்த வேண்டாம். நீங்களும் அண்ணனும் அங்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணனின் முழங்கால் வலியைப் பற்றி நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

போனில் நான் ‘ம்’ என்று மட்டுமே சொல்வதாகவும், அந்த ‘ம்’ சரியா வேண்டாமா என்று உங்களுக்குப் பிடிபடவில்லை என்றும், ‘நாலு வரி எழுதியாவது அனுப்புங்க தம்பி’ என்றும் சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன். பள்ளி லீவு விட்டதும் பாப்பாவை உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய், அங்கேயே பள்ளியில் சேர்த்து, உங்கள் பிள்ளையாகவே வளர்ப்பதாகக் கேட்டீர்கள். உங்கள் தங்கை போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதமும் யோசித்தேன். என் பதில், சரி. காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தராசு, தெர்மாமீட்டர், பிரஷர் மீட்டர் எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் லேப். அங்கே என் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. வீட்டில் நிலைமை வேறு. பாப்பாவுக்கு வகிடு எடுக்க ஸ்டீல் ஸ்கேல் வைத்தேன். வகிடு நூல் பிடித்ததுபோல் வந்தது, சடைகள்தான் ஒன்றுக்கொன்று நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். அவள் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, ‘ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் தாத்தாவா?’ என்று கேட்டாராம். அன்றிலிருந்து கீழ்வீட்டுத் தையற்காரம்மாதான் பின்னிவிடுகிறார். நல்லவர், ஆனால் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பின்னுவதால் அங்கே பேச்சுக்கு இடமில்லை. இன்னொரு நாள் அவள் சாப்பாட்டு டப்பாவும் என் டூல்ஸ் டப்பாவும் மாறிப்போயின. லேபில் மதியம் நான் திறந்தால் உள்ளே சிங்கம் படம் போட்ட கைக்குட்டை, அதே நேரம் பள்ளியிலிருந்து போன், ‘சார், உங்க பொண்ணு டப்பாவுல ஸ்பேனர் இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் வர்றீங்களா, குழந்தை பசிக்குதுங்கிறா.’ தண்ணீர் பாட்டிலை வாரத்தில் மூன்று நாள் மறந்துவிடுகிறோம். இதெல்லாம் உங்கள் தங்கை இருந்தபோது நடந்ததே இல்லை. எப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டாள் என்று தெரியவில்லை, அப்போதெல்லாம் நான் காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவேன், அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததே இல்லை, பகல் ஷிப்டுக்கு மாறியது இந்த ஐந்து மாதமாகத்தான்.

சரி, அனுப்புவது என்று முடிவாகிவிட்டது, வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, ரயிலில் நெடுநேரம் உட்கார வேண்டும் என்று, ‘உனக்கு என்னம்மா வேணும்?’ என்று பாப்பாவிடம் கேட்டேன். ‘பாட்டு வேணும்ப்பா. அம்மா தலை பின்னும்போது பாடுவாங்கல்ல, படகுப் பாட்டு. அது வர்ற பெட்டி வேணும்’ என்றாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்போதே போனைக் கையில் கொடுக்க வேண்டாம் என்று, பாட்டு மட்டும் பாடுகிற, பாக்கெட்டில் அடங்குகிற மியூசிக் பிளேயர் ஒன்று வாங்கலாம் என்று தீர்மானித்தேன். இது எனக்குத் தெரிந்த துறை, இதிலாவது தப்பு வராது என்று நினைத்தேன். பட்டன் சின்ன விரலுக்கு அழுத்த வருமா, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், சத்தம் காதைக் கெடுக்காத அளவோடு நிற்குமா என்று பதினான்கு தலைப்பில் அட்டவணை போட்டேன். அதை எங்கள் சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏம்பா, குழந்தை பாட்டு கேக்கப்போகுதா, இல்ல அதுல ஏறி நிலாவுக்குப் போகப்போகுதா?’ என்றார். நான் ‘ம்’ என்றேன்.

முதல் பிளேயரை வாங்கி லேபிலேயே மேசை உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போட்டுப் பார்த்தேன், பிள்ளை போடத்தானே செய்யும். இரண்டு தடவை தாங்கியது. மூன்றாவதில் பாடுவதை நிறுத்திவிட்டது. கடைக்காரர், ‘தானா விழுந்துச்சா சார்?’ என்றார். ‘இல்ல, நான்தான் போட்டேன். சோதனைக்கு’ என்றேன். அவர் பிளேயரை என் பக்கமே தள்ளினார். அதை மாற்றித் தர முடியாது என்றார், அது நியாயம்தான். வேறொன்று வாங்கினேன், படகுப் பாட்டை ஏற்றி, ஹெட்போனைப் பாப்பா தலையில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, ‘அப்பா, இது ரிப்பேர்’ என்றாள்.

‘எங்கம்மா ரிப்பேர்?’

‘நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு.’

‘என்ன விட்டுப்போச்சு?’

‘தெரியல. வந்தா தெரியும்.’

மறுபடியும் கடைக்குப் போனேன் அக்கா. கடைக்காரர் ஹெட்போனைத் தன் காதில் வைத்து முழுப் பாட்டையும் கேட்டார், தலைகூட ஆட்டினார். ‘நல்லாத்தானே சார் பாடுது?’ ‘நடுவுல ஒண்ணு விட்டுப்போகுதுன்னு பொண்ணு சொல்றா.’ ‘பொண்ணுக்கு என்ன வயசு?’ ‘ஆறு.’ அவர் வேறு கம்பெனிது ஒன்றை எடுத்துக் கொடுத்தார், அதுல சின்னதா ஸ்பீக்கரும் உண்டு. அதிலும் அதே இடத்தில் விட்டுப்போனது. சரி, பாட்டு ஃபைலில்தான் கோளாறு என்று அதே பாட்டை அஞ்சு இடத்துலேருந்து இறக்கி அஞ்சையும் போட்டுக் காட்டினேன். விட்டுப்போகிற இடம் வந்ததும் கையைத் தூக்கு என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். அஞ்சு தடவையும் நாற்பத்தெட்டாவது விநாடியில் கை தூக்கினாள். அரை விநாடி முன்னே பின்னே கிடையாது. எங்க லேபுக்கு வர்ற பாதிக் கருவிக்கு இந்தத் துல்லியம் இல்லை. கம்ப்யூட்டர்ல அந்த இடத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன், அங்கே வயலின் ஒருதரம் இழுத்துட்டு ஓயுது, அவ்வளவுதான். ஒண்ணுமே விட்டுப்போகலை. இதைக் கடைக்காரர்கிட்டப் போன்ல சொல்லியிருந்தேன், அடுத்த தடவை கடைக்குள்ளே நுழையும்போதே அவர் உள்ளே பார்த்து, ‘நாப்பத்தெட்டு வந்துட்டாருப்பா’ன்னு குரல் குடுக்கிறார். ‘விட்டுப்போனது என்னன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க சார், நானே பாடித் தர்றேன்’ என்கிறார். கிண்டலாத்தான் சொன்னார், ஆனா முகத்துல கிண்டல் இல்லை.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ‘கண்டுபிடிக்க முடியலம்மா’ன்னு பாப்பாகிட்டச் சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சு, ‘பரவால்லப்பா. அம்மாவுக்குத்தான் முழுசாத் தெரியும். இந்த ஆன்ட்டிக்குப் பாதிதான் தெரியும் போல’ன்னா. எனக்கு ஆறுதல் சொல்றா அக்கா. வாடிக்கையாளர் சொல்ற கோளாறு எங்க கையில அகப்படலைன்னா, லேப்ல ‘கோளாறு காணப்படவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிடுவோம். எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். இதுக்கு எழுத வரலை. என் வீட்டுல தினம் காலையில ஒரு பாட்டு நடந்திருக்கு, அதோட நடுவுல என்ன வரும்னு எனக்குத் தெரியாது, இனிமே கேட்டுத் தெரிஞ்சுக்கவும் ஆள் இல்லை. இதுகூடத் தெரியாத ஆள் பிள்ளையை வெச்சு என்ன வளர்த்துடப்போறேன்? அதனாலதான் சரின்னு எழுதினேன்.

நீங்களும் அவளும் ஒரே வீட்டுல வளர்ந்தவங்க. அந்த இடத்துல என்ன வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா பாப்பாவுக்குப் பாடிக் காட்டுங்க, எனக்குச் சொல்லக்கூட வேண்டாம். பாத்ரூம் லைட் எரிஞ்சாத்தான் தூங்குவா. இருமல் மருந்து குடிச்சதும் அஞ்சு நிமிஷம் யார்கிட்டயும் பேச மாட்டா, அது கோபம் இல்லை. தடுப்பூசி அட்டையைத் தனிக் கவர்ல வெச்சிருக்கேன். ரயில் டிக்கெட் நீங்களே எடுத்துடுங்க, உங்களுக்கு ஒண்ணு, அவளுக்கு அரை.

அண்ணனுக்கு என் வணக்கத்தையும், அவருடைய முழங்காலுக்கு என் பிரார்த்தனையையும் தெரிவிக்கவும். தங்கள் ஆசி எங்கள் இருவருக்கும், அவரவர் இருக்கும் இடத்தில், என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதை எழுதி முடிச்சு மேசை மேல வெச்சிருந்தேன், லேபுக்குப் போற வழியில தபால்ல போடலாம்னு. இன்னைக்குக் காலையில தையற்காரம்மா வீட்டுல பூட்டு, ஊருக்குப் போயிருக்காங்களாம். வேற வழியில்லாம நானே சீப்பை எடுத்தேன். ஸ்கேல் வைக்கலை. ஹெட்போன் மாட்டினா பின்ன முடியாதுன்னு பாட்டை ஸ்பீக்கர்ல போட்டுட்டு உக்காந்தா பாப்பா. வேன் வர அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, இடது சடையில ரெண்டாவது முறுக்கு போட்டுட்டிருக்கேன், பார்த்தா பையில பாட்டிலைக் காணோம். ‘ஏய், தண்ணி பாட்டில் எடுத்தியா?’ன்னு கத்தினேன். ‘எடுக்கலம்மா’ன்னா, தலையைத் திருப்பாம. சொல்லிட்டு அப்படியே அசையாம இருந்தா. அப்புறம், ‘அப்பா, பாட்டு சரியாயிடுச்சு’ன்னா. நான் கத்தினப்போ பிளேயர்ல அம்பத்தொண்ணு ஓடிட்டிருந்தது, கண்ணுல பட்டிருந்தது. ‘அம்மா இன்னும் கொஞ்சம் முன்னாடியே கேப்பாங்க. பரவால்ல, நாளைக்குச் சரியாக் கேளுங்க’ன்னா.

மூணு விநாடிதான் பிழை அக்கா. இது சரிபண்ணக்கூடிய அளவு.

டிக்கெட் எடுக்க வேண்டாம். லீவுக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம், ரெண்டு பேரும் திரும்பிடுவோம். மேலே இருக்கிறதைக் கிழிச்சுப் போட மனசு வரலை, எழுத மூணு நாள் ஆச்சு, அதனால எல்லாத்தையும் ரத்துன்னு வெச்சுக்குங்க, அண்ணன் முழங்காலைத் தவிர. பாட்டிலை இன்னைக்கும் விட்டுட்டுத்தான் போயிருக்கா, போற வழியில ஸ்கூல்ல குடுக்கணும். அதைத் தெரியாம இந்தக் காகிதத்து மேலயே வெச்சுட்டேன். இங்கே இருக்கிற ஈரம் அந்தப் பாட்டிலோடதுதான், நீங்க வேற எதுவும் நினைச்சுக்காதீங்க.