மாப்பிள்ளை குளிக்கப் போன அருவி

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. போனாலும் தனியாக விடக் கூடாது. இதை யாராவது என் மாமனாருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்த வீட்டில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

நான் நன்னிலத்துக்காரன். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். அதில் ஏறுவதற்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுவோம். என் மனைவி கயல்விழிக்கோ ஊர் பச்சைமலை அடிவாரம். நிச்சயமான நாளிலிருந்து அவள் போனில் பேசியதில் பாதி, ஓர் அருவியைப் பற்றித்தான். மலையில் கொஞ்ச தூரம் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால், பாறை மறைவில் அது விழுமாம். வெளியாட்களுக்குத் தெரியாதாம். தீபாவளியன்று விடிந்ததும் குடும்பமே அங்கே போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்குமாம். தலை தீபாவளிக்கு என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் அவள் என்னிடம் ஆசையாகக் கேட்ட ஒரே விஷயம். (நகை கேட்டிருக்கலாம். இரண்டு பேருமே தப்பித்திருப்போம்.)

நானும் சும்மா இருக்கவில்லை. காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர்கள் நாங்கள், தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது இல்லை என்று மாமனாரிடம் அளந்துவிட்டிருந்தேன். உண்மையில் எங்கள் நிலமெல்லாம் தாத்தா காலத்திலேயே கைமாறிவிட்டது. நான் பேங்க்கில் வேலை பார்ப்பவன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி, மண்வெட்டியை வேறு எதற்கும் தொட்டதில்லை.

அந்த ஐப்பசியில் மலை முழுக்க ஈரம். பாதி ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. காதுக்குள் 'ஹோ'வென்று ஒரே இரைச்சல். மாப்பிள்ளை முறுக்கை விடாமல், "நீங்க போங்க, இயற்கையை ரசிச்சுட்டு வரேன்" என்றேன். ஒரே பாதைதான், வழி தவறாது என்று சொல்லிவிட்டு எல்லோரும் முன்னால் போனார்கள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். பாதையை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. அதன் கரை ஓரிடத்தில் உடைந்து, தண்ணீர் முழுவதும் பக்கத்துப் புதருக்குள் சரிந்து வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்க்காரன் உடைப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மாட்டான். மூச்சிரைப்பெல்லாம் பறந்துவிட்டது. கல்லை உருட்டினேன், தழையை ஒடித்துத் திணித்தேன், கைகளால் மண்ணை அள்ளி அப்பினேன். அப்படியும் கொஞ்சம் கசிந்தது. மாமியார் துவட்டிக்கொள்ளக் கொடுத்திருந்த புத்தம்புதுத் துண்டைச் சுருட்டி இடுக்கில் செருகினேன். சொட்டுத் தண்ணீர் போகவில்லை. காதில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சலும் நின்றுபோனது. மூச்சு சீராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளத்தில் இறங்கினேன். மாமனார், மாமியார், மச்சினன் கார்த்தி, கயல்விழி எல்லோரும் தலை நிறைய எண்ணெயும் சீயக்காயுமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு காய்ந்த பாறைக்கு அடியில் நின்றிருந்தார்கள். ஒருத்தர் பாறையைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மாமனார்.

"திடீர்னு நின்னு போச்சு அத்தான்" என்றான் கார்த்தி.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நிக்காம என்ன செய்யும்? மேல வாய்க்கால் உடைச்சுக்கிட்டு அவ்வளவு தண்ணியும் வீணாப் போவுது. நான் அடைச்சுட்டேன், இப்ப வந்துடும் பாருங்க" என்றேன், முழங்கை வரை சேறு படிந்த கைகளைப் பெருமையாகக் காட்டி.

கயல்விழி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "என்னங்க, அந்த உடைப்புதாங்க அருவி."

அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் என்று தோன்றியது. மலையேறிய மூச்சிரைப்பில் போய்ச் சேர்ந்தான் என்று கௌரவமாகவாவது முடிந்திருக்கும்.

எல்லோரும் கண்ணீரோடு மேலே ஏறி வந்தோம். (அவர்களுக்குச் சீயக்காய், எனக்கு அவமானம்.) வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்த அடைப்புதான் போலிருக்கிறது. எல்லோரும் சேர்ந்தும் லேசில் பிரிக்க முடியவில்லை. கடைசியில் மாமனார் தன் கையால் அந்தத் துண்டை உருவி எடுத்தார். சேறு சொட்டச் சொட்ட அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அருவி திரும்பி வந்தபோது செம்மண் குழம்பாக வந்தது. தெளியும்வரை காத்திருக்கக் கண்ணெரிச்சல் விடவில்லை. ஊர் முழுக்கப் புதுத்துணி உடுத்திப் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்க, நாங்கள் எண்ணெய்த் தலையோடு வரிசையாக இறங்கி வந்து தெருக்குழாயில் குளித்தோம். கயல்விழி அன்று மாலைவரை என்னோடு பேசவில்லை. அத்தனை நாள் போனில் சொல்லிச் சொல்லி அவள் சேர்த்துவைத்த ஆசையை ஒரு துண்டால் அடைத்துவிட்டேனே என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் அந்த வீட்டில் குளிக்கும்போது குழாயில் தண்ணீர் நின்றால், மோட்டாரைப் போடச் சொல்வதில்லை. "அத்தான் எங்க இருக்காருன்னு பாருங்க" என்றுதான் உள்ளேயிருந்து குரல் வரும். அருவிக்கும் வருஷம் தவறாமல் போகிறோம். எனக்கு முன்னால் கயல்விழி, பின்னால் கார்த்தி. தீபாவளிச் சீரும் குறையில்லாமல் வருகிறது. வேட்டி உண்டு, சட்டை உண்டு. துண்டு மட்டும் கொடுப்பதில்லை.